வெள்ளை மண்ணில் ஒயில் பொட்டுகள்

அன்பின் நிஷாந்தினி,

உமக்கும் சின்னவளுக்கும் சுகம்தானே? அவளின் இருமல் நின்றுவிட்டதா? நெடுந்தீவு மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் எனக்கு ஒரு குறையுமில்லை.

உப்புக்காற்றில் மோட்டார் சைக்கிள் செயின் துருப்பிடிக்காமல், ஓடும்போது தானாக ஒயில் சொட்டுவதற்கு நீர் அனுப்பிய குப்பியைப் பூட்டிவிட்டேன். அதன் குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டேன் போல. வீட்டு வாசலில் இருந்து இறங்குதுறை வரை வெள்ளை மண் ஒழுங்கை முழுக்கக் கறுப்புப் பொட்டுகள், நித்திரையில் யாரோ வைத்துக்கொண்டு போனதுபோல நீண்டு கிடந்தன.

பக்கத்து வீட்டு மரியமுத்து அக்கா அதைப் பார்த்துவிட்டார். "தம்பி, மாடெல்லாம் மேற்கிலதானே நிக்குது. நீர் ஏன் இறங்குதுறைக்குப் போறீர்?"

"சும்மா, படகு பாக்கத்தான் அக்கா."

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. வெறும் போத்தலை இத்துடன் அனுப்புகிறேன், நீர் வறுத்து இடித்ததையே நிரப்பி அனுப்பும்.

படகுக்காரர் அவசரப்படுத்துகிறார், முடிக்கிறேன். குழாயை இறுக்கிவிட்டேன். இனி நான் தினமும் இந்த இறங்குதுறைக்கு வந்துபோகும் தடம் விழாது.

உம்முடைய,
உதயன்