கலகக்காரனின் ஆயுதம்

சென்னை, 12-2-79

அம்மாவுக்கு வரதன் வணங்கி எழுதுவது. நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

நான் காவல் பார்க்கும் மியூசியத்தில், நம்மூர் பெருநகரில் நடந்த அறுப்புத் தகராறில் போலீஸ் பிடுங்கிய உன் அரிவாளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பிடியில் நீ சுற்றிய சேலைக் கிழிசல் அப்படியே இருக்கிறது. கீழே, 'கலகக்காரனின் ஆயுதம்' என்று ஒரு அட்டை! கூலி நெல் கேட்டது கலகமாம். எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்: "இன்னா சார் ஆயுதம்? எங்கம்மா கதிர் அறுத்துக்கினு இருந்த அரிவா இது!" பயப்படாதே, வேலை போகவில்லை. புது ஆபீசர், "அவங்களையே வந்து சொல்லச் சொல்லு, அதையே எழுதி வைக்கலாம்" என்றார்.

சொக்கம்மாள் சித்தியோடு வா. நார்த்தங்காய் ஊறுகாய் கொண்டுவா, இங்கே சோறு இறங்கவில்லை. டூட்டி மணி அடித்துவிட்டது. அன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் உன்னை நிற்கவைத்து, அவர்களே எழுதிக் கைநாட்டு வாங்கினார்கள். இங்கே நாற்காலியில் உட்கார்ந்து, உன்னை அடித்தவன் பெயரோடு சொல்.

வரதன்