திரும்பினால் ஒரு சுற்று

2004 நவம்பர் 14, ஞாயிறு
எண்ணூறு மீற்றரில் மூன்றாவதாக வந்ததற்கு என் கழுத்துதான் காரணம். கடைசி வளைவில் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் இருக்க முடிவதில்லை. இன்றிலிருந்து சட்டம்: திரும்பினால் ஒரு சுற்று கூடுதலாக ஓட வேண்டும். பெரியகல்லாற்றுக் கடற்கரையில் தொடங்கி, வீடுகளுக்கு நடுவே ஒழுங்கைக்குள் ஏறி, வாவிக்கரை போய் வந்தால் ஒரு சுற்று. தங்கச்சி அஜந்தா பின்னால் ஓடிவந்து “அக்கா, அக்கா” என்று கத்தி என்னை ஏமாற்ற வேண்டும். இன்று ஆறு தரம் ஏமாந்தேன். “நாளைக்கும் கிறுகிப் பாப்பாய்க்கா,” என்கிறாள், குரங்கு. நாளைக்கும் திரும்புவேனாம்.

டிசம்பர் 19
ஒரு தரமும் திரும்பவில்லை. அழுவதுபோலக்கூடக் கத்திப் பார்த்தாள். எனக்கே என்னை நினைத்துப் பெருமை.

2005 ஜனவரி 8
எழுதத்தான் வேண்டும். கடல் ஊருக்குள் வந்த அன்று காலையும் ஓடினோம். நான் ஒழுங்கைக்குள் ஏறும்போது “அக்கா” என்று கத்தினாள். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன். தண்ணீர் காலில் அடித்த பிறகுதான் திரும்பினேன். அவள் இல்லை.
அம்மா கேட்டார்: “அவள் உன்னைக் கூப்பிடல்லியா மகள்?”
இல்லை என்றேன்.

2006 ஜூன் 3
மறுபடி ஓடுகிறேன். ஓடாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும். நூறு மீற்றருக்கு ஒரு தரம் திரும்புகிறேன். கூடுதல் சுற்று ஓடி ஓடிக் கால் வீங்கியதுதான் மிச்சம்.

2007 மார்ச் 16
மைதானம் முழுக்க, வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் நடக்கும் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் கூடாரங்கள். வாவிக்கரையில் ஓடினேன். ஷெல் சத்தத்துக்குத் திரும்பவில்லை. யாரோ ஒரு பிள்ளை தன் அக்காவைக் கூப்பிட்டது — நின்றே விட்டேன்.

2009 மே 19
யுத்தம் முடிந்ததாம். சந்தோஷப்படவும் தெரியவில்லை, அழவும் பயம்.

2009 ஜூலை 11
மாகாணப் போட்டி. முதலாவது. ஒரு தரமும் திரும்பவில்லை. எப்படி முடிந்தது என்னால்? வெட்கமாக இருந்தது.
பார்க்க வந்திருந்த அம்மா, பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அஜந்தா இருந்தாத் துள்ளியிருப்பாள்,” என்றார். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.
“அவள் அண்டைக்கு என்னைக் கூப்பிட்டவள், அம்மா. எனக்குக் கேட்டது. விளையாட்டு எண்டு நினைச்சன்.”
அம்மா கையை எடுத்தார். கல்லடிப் பாலம் தாண்டியதும் எழுந்து முன் இருக்கையில் போய் இருந்தார்.
வீட்டில் எனக்குச் சோறு போட்டு மூடி வைத்திருக்கிறார். தான் போய்ப் படுத்துவிட்டார்.