ரோஸ்லின் டீச்சர் வேண்டும்

ஜூன் 16, திங்கள்
இன்று ரோஸ்லின் டீச்சர் ஆங்கிலத்தில் 'வான்ட்' என்ற ஒரே சொல்லை ஒரு பீரியட் முழுக்க நடத்தினார். பத்தாம் வகுப்புக்கு இதையா என்று பின்வரிசை முணுமுணுத்தது. "ஆசையும் அதுதான், தேவையும் அதுதான். ஒருத்தர் எது வேணும்னு சொல்றாங்கன்னு கவனிங்க, ஆளே தெரிஞ்சிடும்" என்றார். வீட்டுப்பாடம்: யாருக்கு என்ன வேண்டும் என்று பத்து வாக்கியம். நான் இருபது எழுதுவேன்.

ஜூன் 17, செவ்வாய்
அப்பாவுக்குச் சாமை விதைக்க மழை வேண்டும். அம்மாவுக்குத் துணி காயும்வரை வேண்டாம். எங்கள் ஆட்டுக்குப் பக்கத்து வீட்டு மாதம்மாள் அத்தையின் அவரைக்கொடி வேண்டும். அத்தைக்கு எங்கள் ஆடு வேண்டும், குழம்பில்.
மதியம் டீச்சர் தண்ணீர்த் தொட்டி அருகே போனில் பேசிக்கொண்டிருந்தார். அங்குதான் சிக்னல் கிடைக்கும். "அம்மா வந்துருவேன் பாப்பா. இந்த மாசம் ஆர்டர் வந்துரும்." டீச்சருக்கு டிரான்ஸ்பர் வேண்டும். அதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

ஜூன் 20, வெள்ளி
ஆர்டர் வந்துவிட்டது. திண்டுக்கல்லுக்கு.
எனக்கு இது பொதுத்தேர்வு ஆண்டு! கணக்கு சார் மலை இறங்கிப் போய் ஒன்றரை வருடம். அவர் நாற்காலியில் சத்துணவு முட்டை அட்டைகள்தான் உட்கார்ந்திருக்கின்றன. இங்கிலீசும் போனால் — நான் என்ன பண்றது?

ஜூன் 21, சனி
பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அர்த்தனாரி மாமா வீட்டுக்கு வந்தார். "ஏனுங்க மாணிக்கம், கலெக்டருக்கு மனுக் குடுத்தா நிறுத்திப்போடலாமுங்க. எழுதத்தான் ஆளில்லை."
அப்பா என்னைப் பார்த்தார். "நம்ம கண்ணு எழுதுமுங்க. இங்கிலீசுலயே எழுதும்."
எழுதினேன். டீச்சர் சொல்லித்தந்த முறைப்படி: முதலில் தேவை, அடுத்து காரணம், கடைசியில் பணிவு. 'வி வான்ட்' ஏழு முறை வந்தது. பாப்பாவைப் பற்றி எழுத இடமில்லை. (பாதிப் பக்கம் காலியாக இருந்தது.)

ஜூன் 22, ஞாயிறு
நூற்று முப்பத்தொரு கையெழுத்து, கைநாட்டு உட்பட. மாதம்மாள் அத்தை வீட்டில் படிக்கிற பிள்ளையே இல்லை. "நல்ல டீச்சரம்மா சாமி, போக உடக்கூடாது" என்று இரண்டாம் முறையும் விரலை நீட்டினார்.

ஜூன் 23, திங்கள்
மனு நாமக்கல் போயிற்று. டீச்சர் என் இருபது வாக்கியங்களையும் வகுப்பில் படித்துக் காட்டினார்.

ஜூலை 3, வியாழன்
வென்றோம். மாற்று ஆசிரியர் வரும்வரை டீச்சரை விடுவிக்கக் கூடாதாம். எழுபது வளைவு ஏறி இங்கே வர யார் ஆசைப்படுவார்? அர்த்தனாரி மாமா லட்டு வாங்கிவந்து முதல் லட்டை டீச்சரிடமே கொடுத்தார். "நீங்க இங்கயே இருக்கோணும்னு ஊரே ஆசைப்படுதுங்க."
"ரொம்ப சந்தோஷங்க" என்றார் டீச்சர். லட்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

ஜூலை 4, வெள்ளி
டீச்சர் என்னைக் கூப்பிட்டார். கையில் மனுவின் நகல்.
"யமுனா, நீ எழுதினதுதானே?"
"ஆமாங்க டீச்சர்."
"ஒரு தப்புகூட இல்ல."
பாப்பா என்று ஏதோ ஆரம்பித்தேன். "அவளுக்கு நாலு வயசு. உத்தரவுன்னா என்னன்னு தெரியாது. நாளைக்காம்மான்னு மட்டும் கேக்குறா" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்.
ஏன் திட்டவில்லை? திட்டித் தொலைச்சிருக்கலாம்ல?

ஜூலை 6, ஞாயிறு
இன்னொரு மனு எழுதினேன், டீச்சரை விடுவிக்கச் சொல்லி. தமிழில். பாப்பாவுக்கு ஒரு பத்தி.
அர்த்தனாரி மாமா: "கிறுக்குப் புடிச்சிருக்குதா கண்ணு?" அப்பா: "அதை எழுதுனதும் நீதான? ஒரு பக்கமா நில்லு." மாதம்மாள் அத்தை கட்டைவிரலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

ஜூலை 7, திங்கள்
முதல் பஸ்ஸில் நாமக்கல் போனேன். அம்மா துணைக்கு வந்தாள். கையெழுத்து மட்டும் போடமாட்டேன் என்றுவிட்டாள்.
கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் மேசையில் இருந்தவர் தாளைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். "ஒரே கையெழுத்துதானா? யாரோடது?"
"என்னுதுங்க சார்."
"சரி, உனக்கு என்னம்மா வேணும்?"
சொன்னேன். பதிந்துகொண்டு ஒரு ரசீது கொடுத்தார்.
இன்று இரண்டு ஆங்கிலப் பீரியட் போயிற்று. பழகிக்கொள்ள வேண்டும்.