நான் நிரப்பிய நான்கு நாள்

ஜனவரி 29
டெக்சாஸின் சுகர் லேண்டில் உறைகுளிர் இன்றுதான் விட்டது. நான்கு நாள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்ததில் கணவன் அகிலனோடு மூன்று சண்டை. மூன்றிலும் தப்பு என்னுடையதுதான்.

ஜனவரி 30
மழைநீர்க் கால்வாயின் புதுத் தடுப்புச் சுவருக்கு நான் எழுதிய வெப்சைட்டைத் திறந்தேன். எவ்வளவு சிமென்ட் குறைத்தோம், கான்கிரீட்டுக்குள் புதைத்த சென்சார் என்ன வெப்பம் காட்டுகிறது — எல்லாம் ஊர் மக்கள் யாரும் பார்க்கலாம். சிமென்ட் குறைந்த கலவை குளிரில் மெதுவாகத்தான் இறுகும். அந்த வெப்பத்தைக் கணக்கிட்டு, இறுகிவிட்டது என்று வெப்சைட்டில் பச்சை அடையாளம் வந்தால்தான் சுவருக்குப் பின்னால் மண் கொட்டலாம். பச்சை வந்திருக்கிறது. மண்ணும் கொட்டியாயிற்று.

ஆனால் நான்கு நாளும் ஒரே எண். அறுபத்து நான்கு டிகிரி ஃபாரன்ஹீட். வெளியே குழாய்த் தண்ணீர் உறைந்து கிடந்தபோது?

ஜனவரி 31
என் வேலைதான். சென்சார் பேசாமல் போனால் கடைசி எண்ணையே திரும்பப் போடு — இரண்டு வரி கோட். போன கோடையில் அதிகாரிகளுக்கு டெமோ காட்டுவதற்கு முன்னால் மேனேஜர் செல்வராஜ் சொன்னார்: "காலியா இருந்தா அசிங்கமா இருக்கும்மா, எதையாவது ஃபில் பண்ணிடு." எங்கள் நாமக்கல்காரர், ஆபீசிலும் எனக்கு அவர் அண்ணாதான். அண்ணா சொன்னால் ஏன் என்று கேட்பேனா? டெமோ முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டேன். மறந்தேனா? பார்க்க அழகாக இருந்தது, விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 1
அண்ணா வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு சமையலோடு கூடும் விருந்து. ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னேன். பிரியாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"திங்கக்கிழமை பாத்துக்கலாம். இப்ப வாயத் தொறக்காத. உன் கிரீன் கார்டு ஃபைலிங் என்கிட்டதான் இருக்கு, தெரியுமில்ல?"

மிரட்டலா, அக்கறையா?

காரில் அகிலன் கேட்டான், "செவுரு விழுந்துடுமா?"

"தெரியல."

"தெரியலன்னா சொல்லித்தானே ஆகணும்?"

எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டான்! அவன் விசாவும் என் வேலையில்தான் தொங்குகிறது.

பிப்ரவரி 2
அண்ணா மீட்டிங், மீட்டிங் என்று நழுவினார்.

பிப்ரவரி 3
நாளை மறுநாள் கனமழையாம். அந்த மண் மேட்டை ஒட்டி எத்தனை வீடு... என்ன காரியம் பண்ணிட்டேன் நான்!

மாலை: பச்சையை எடுத்தேன். நான்கு நாளையும் காலியாக்கி, கீழே எழுதினேன்: "இங்கே இருந்தவை அளந்த எண்கள் அல்ல. நிரப்பியது நான் — சண்முகப்ரியா." மாவட்ட நிர்வாகமான கவுண்டியின் இன்ஜினியருக்கும் மெயில் போட்டுவிட்டேன். மழைக்கு முன்பே மண்ணை அள்ளச் சொல்லிவிட்டாராம்.

பிப்ரவரி 4
ஆபீஸ் லாகின் வேலை செய்யவில்லை. அண்ணா ஃபோனை எடுக்கவில்லை.

பிப்ரவரி 6
வேலை போயிற்று. விசா விதிப்படி அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் நாமக்கல்.

பிப்ரவரி 12
சுவரைத் துளைத்துச் சோதித்ததில் நாலாவது பகுதி பலவீனமாம். உடைத்துக் கட்டப் போகிறார்கள். நிம்மதியாகவும் இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. யார் மேல் கோபம் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 14
காலையில் அகிலன் ஃபோனை நீட்டினான். வெப்சைட்டில் என் வரிக்குக் கீழே இன்னொரு வரி: "நிரப்பச் சொன்னது நான் — செல்வராஜ்."

கூப்பிட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"எதுக்குண்ணா?"

"எனக்கும் நேத்து வேலைய விட்டு நிறுத்துற லெட்டர் குடுத்துட்டாங்கம்மா," என்றார். "நீ சாப்ட்டியா?"