பனி உருகினால் எடுத்துவிடுவார்கள்

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
மே 19

அன்பு மகன் பிராங்கிளினுக்கு அப்பா எழுதுவது. அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்த மட்டில் நலம், அதற்கு மேல் அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. பனியில் மரத்துப்போன உன் கால்விரல்களுக்கு உணர்ச்சி திரும்பியதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை மட்டுமாவது பதிலில் எழுது. போன் செய்தால் "நல்லாருக்கேன்ப்பா, சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுகிறாய், சிக்னல் இல்லாதவன் அதை எப்படிச் சொல்கிறான் என்று அம்மா கேட்கிறாள், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். உங்கள் கம்பெனி ஆபீசில் இருக்கும் ஷமா என்கிற பெண் போன வாரம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், ஜூன் பத்தாம் தேதி பாண்டியராஜைத் தேடப் போகிற குழுவில் நீயே கேட்டுப் பெயர் கொடுத்திருக்கிறாயாம், அதே சரிவுக்காம். அந்தப் பெண்ணைத் திட்டாதே, பெற்றவள் கேட்டால் யாரும் சொல்லத்தான் செய்வார்கள். நான்கு நாள் முன்னால் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன், போகாதே என்பதைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை. அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன், இது இரண்டாவது. ஏன் கிழித்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படி.

எங்கே தப்பு ஆரம்பித்தது என்று யோசித்தால் அது என் பஸ்ஸில்தான் வந்து நிற்கிறது. இருபத்தாறு வருடம் கொடைக்கானல் வண்டி ஓட்டினேன், பள்ளிக்கூட லீவு விட்டால் போதும், நீயும் பாண்டியராஜும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு வருவீர்கள், மேலே போய் இறங்கியதும் இன்னும் மேலே ரோடு போகாதா என்று கேட்பீர்கள். அப்போது சிரித்தேன். பிறகு மலைக்கோட்டைப் பாறையில் கயிறு கட்டி ஏறினீர்கள், வடக்கே மலையேற்றப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தீர்கள், வழிகாட்டி ஆவதற்கு இத்தனை ஏற்றம் ஏறி நோட்டில் பதிய வேண்டும் என்று கம்பெனியில் உதவி வழிகாட்டியாகப் போனீர்கள். பாண்டியராஜைப் பெற்ற ராமுத்தாய்க்கு மட்டும் மனசே இல்லை, புருஷன் போன பிறகு மல்லிகைத் தோட்டமும் அந்த ஒற்றைப் பிள்ளையும்தானே அவளுக்கு. அவள் வீட்டு வாசலில் நின்று, எம்பையனும்தான கூடப் போறான், நான் பொறுப்பு தாயி என்று சொன்னவன் நான். அதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

அக்டோபரில் அந்தப் பனிச்சரிவு வந்தபோது உன் கயிற்றில் மூன்று பேர் இருந்தார்கள், உன்னை நம்பி வந்தவர்கள். பாண்டியராஜ் கூடாரச் சாமான்களோடு கடைசியில் தனியாக வந்துகொண்டிருந்தான். அழைத்துப் போனவர்களை முகாமில் சேர்த்த பிறகுதான் மற்றவனைத் தேட வேண்டும் என்பது உங்கள் தொழிலின் சட்டம், பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. நீ அதைத்தான் செய்தாய், நீ திரும்பி ஏறி வருவதற்குள் நாலு மணி நேரம் ஆகிவிட்டது. எனக்கு இது புரியாதா, பிரேக் பிடிக்காத வண்டியில் நீயே உட்கார்ந்திருந்தாலும் நான் ஐம்பத்தைந்து பேரையும் சேர்த்துத்தான் பார்த்திருப்பேன். உன்னைக் குறை சொல்ல எனக்கு ஒரு சொல்லும் இல்லை. ஆனாலும் அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு வருகிற ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது, கோவிலில் முழங்காலில் இருக்கும்போதுகூட அந்த நாலு மணி நேரம்தான் கண்முன் நிற்கிறது, ஜெபம் வருவதில்லை. ஏழு மாதமாக நான் சும்மாதான் முழங்காலில் இருக்கிறேன்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். செய்தி வந்த அன்று உங்கள் ஆபீசிலிருந்து பேசியவர் எனக்குப் புரியும்படி மெதுவாகத்தான் சொன்னார், இனிமேல் பனி கொட்டும், தேட முடியாது, உடல் ஐஸில் கெடாமல் அப்படியே இருக்கும், ஜூனில் பனி உருகினதும் எடுத்துவிடுவோம் என்றார். அதை ராமுத்தாயிடம் போய்ச் சொல்லும்போது உடல் என்கிற சொல்லை நான் விழுங்கிவிட்டேன். ஐஸ்ல மாட்டிக்கிட்டான் தாயி, கெட்டுப்போகாம அப்படியே இருப்பானாம், கோடையில பனி உருகுனதும் எடுத்துருவாங்க, இப்படித்தான் சொன்னேன். அவள் அழவில்லை, சரிண்ணே என்றாள். மறுநாள் வழக்கம்போலப் பூப்பறிக்கப் போனாள். சொந்தக்காரர்கள் வந்து கருமாதியைப் பற்றிப் பேச்செடுத்தபோது எல்லாரையும் விரட்டிவிட்டாள். உடம்பு கிடைக்காமல் எப்படிச் செய்வாள் என்று ஊரும் விட்டுவிட்டது, நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பங்குனியில் ஒரு நாள் அவள் வீட்டுப் பக்கம் போனேன், புத்தம் புதிய அண்டா ஒன்று அடுப்படியில் இருந்தது. எதற்கு என்று கேட்டேன். இம்புட்டு நாள் குளிருல கெடந்துட்டு வருவான்லண்ணே, வெந்நி வைக்க அந்தப் பழைய பானை பத்தாது என்றாள். எனக்கு முதலில் விளங்கவே இல்லை. அவளே விளக்கினாள். நம் மார்க்கெட்டிலிருந்து வெளிநாட்டுக்குப் போகிற மல்லிகை மொட்டைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துத்தானே அனுப்புகிறார்கள், மூன்று நாள் கழித்து அங்கே பெட்டியைத் திறந்த பிறகுதானே அது விரிகிறது, அவள் தோட்டத்து மொட்டே எத்தனையோ தடவை அப்படிப் போயிருக்கிறது. பூவே தாங்குதுண்ணே, எம்புள்ள அதவிடக் கெட்டி என்றாள். பிராங்கிளின், அவள் வாழ்நாளில் பனிமலையைப் பார்த்தவள் இல்லை, ஐஸ் என்றால் அவளுக்குத் தெரிந்தது அந்தப் பெட்டி ஒன்றுதான். அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். அண்டா நல்ல கனமாத்தான் இருக்கு தாயி என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன், அவ்வளவு பெரிய கோழை உன் அப்பன்.

வீட்டில் வந்து சொன்னதும் அம்மா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள், சொன்ன வாயி உங்க வாயிதான, நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க, அதுவரைக்கும் இந்த வீட்டுல சோறு எறங்காது என்றாள். சோறு இறங்கத்தான் செய்தது, நான்தான் இரண்டு மாதம் அந்தத் தெருப் பக்கம் போகாமல் சுற்றி நடந்தேன். போன வாரம் ராமுத்தாயே வந்து, ஜூனில் போய் அவனைக் கூட்டி வர எந்த ரயிலில் ஏற வேண்டும் என்று கேட்டாள். அதற்கு மேலும் என்னால் முடியவில்லை. முந்தாநாள் விடிந்ததும் தோட்டத்துக்குப் போனேன். மடி நிறைய மொட்டோடு நின்றுகொண்டிருந்தாள். பாண்டியராஜ் அன்றைக்கே செத்துப்போய்விட்டான், மேலே ஐஸில் இருப்பது வெறும் உடம்புதான், நான்தான் அன்றைக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்போது நான்தான் அழுதேன். அவள் மடியைக் குனிந்து பார்த்தாள். பிறகு, ஆமாண்ணே, ஐஸ்ல வச்சாலும் பறிச்சது பறிச்சதுதான, நாந்தான் நெனச்சுப் பாக்கல என்றாள். என்னை ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மடியை அப்படியே வாய்க்காலில் அவிழ்த்து உதறிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அதிலிருந்து அவள் பூப்பறிக்கவில்லை. பறிக்க வந்த பெண்களையும் திருப்பி அனுப்பிவிட்டாள். மொட்டாகப் பறிக்காவிட்டால் மல்லிகை எதற்கு ஆகும், சாயங்காலம் செடியிலேயே தோட்டம் முழுக்க விரிந்துவிட்டது, நேற்றும் விரிந்தது. அந்த வாசம் நம் வீட்டுக்குள் வந்து நிறைகிறது, அம்மா எல்லா ஜன்னலையும் சாத்தி வைத்திருக்கிறாள், அப்படியும் வருகிறது. இந்தப் புழுக்கத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருக்கிறோம்.

இன்று காலை ராமுத்தாய் வந்தாள். உன்னைப் பற்றித்தான் கேட்டாள். நீ தேடப் போகிறாயாமே, நிஜமா என்றாள். நான் தடுக்கப் போகிறேன் என்று வாயெடுப்பதற்குள் அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். அவன இங்க கொண்டுவர வேணாம்ணே, மறுபடியும் பெட்டியில ஐஸ் வச்சுத்தான அனுப்புவாக, எம்புள்ள குளிர்ல கெடந்தது போதும். அங்கனயே கீழ ஆத்தங்கரைக்கு எறக்கி வெறகடுக்கி எரிச்சிரச் சொல்லுங்க. எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன், அவனுக்கு வைக்க ஆளு இல்ல, பிராங்கிளின் கையால வைக்கட்டும், சூடாப் போகட்டும் எம்புள்ள. இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் முதல் கடிதத்தைக் கிழித்தேன். உன்னைப் போகச் சொல்ல எனக்கு மனசு இல்லை, போகாதே என்று சொல்ல வாயும் இல்லை. நம்பிக்கையாக நாலு வார்த்தை எழுதலாம் என்று பார்க்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை அப்பு. அவளுக்கு ஒரு பிள்ளைக்குப் பொறுப்பு என்று சொன்னேன், இப்போது அந்தப் பொறுப்பை உன் தலையில் ஏற்றிவிட்டேன்.

கயிற்றையும் முடிச்சையும் ஒன்றுக்கு இரண்டு தடவை பார். கடைசியில் யாரையும் தனியாக நடக்க விடாதே, நீயும் தனியாக நடக்காதே. காரியம் முடிந்ததும் முதலில் எனக்குச் சொல், நான் ராமுத்தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்ட பிறகு ஆபீசுக்குச் சொல். ஆண்டவரும் மாதாவும் உன் கூடவே இருக்கட்டும், அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக நினைத்துக்கொள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அங்கே பையில் இருக்கிற எல்லாம் நனைந்துவிடும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய், தீப்பெட்டியை இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றி உன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போ.

உன் அப்பா,
கஸ்பார்