மூன்றாம் இடத்தைத் திருத்திய மச்சானுக்கு

என் அன்பு மச்சான் குகநேசா,

வருகிற ஞாயிறோடு நீ போய் ஒரு வருசம். கோயில் மண்டபம் எடுத்தாயிற்று, சாப்பாட்டுக்கும் சொல்லியாயிற்று. நினைவு மலருக்கு ஆளுக்கொரு பக்கம் என்று உன் மனைவி சாந்தி பிரித்துக் கொடுத்தபோது எனக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்தாள். "அண்ணை, உங்கடை பக்கத்திலை ஒரு புளுகும் வரக்கூடாது. வந்தா அந்தப் பக்கத்தை வெறுமையா விட்டு அடிப்பன்."

என்னைப் பார்த்து இப்படி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் என்றாலும், லண்டன் சட்டனில் இருக்கிற தமிழரில் பாதிப் பேருக்குக் கவுன்சில் படிவம் நிரப்பிக் கொடுத்தவன் நான். அதில் பிழை பிடித்த வெள்ளைக்காரன் இன்னும் பிறக்கவில்லை.

இந்த மாசியில் லண்டனில் பனி கொட்டியது உனக்குத் தெரியுமா? பஸ் ஒன்றும் ஓடவில்லை. நான் ஒரு பெட்டி மட்டையில் குந்தி, எங்கள் மேட்டிலிருந்து ஸ்ரேசன் வரைக்கும் சறுக்கிப் போனேன். சரி, ஸ்ரேசன் வரைக்கும் இல்லை. அடுத்த வீட்டு வேலி வரைக்கும். வேலிக்குத்தான் சேதம்.

அதற்குப் பிறகு ரீவியில் உன் பனி விளையாட்டு, பயத்லன் உலகச் சம்பியன்சிப் நடந்தது. தனியாக இருந்து பார்த்தேன். ஒருநாள், முதலாவதாய் வந்தவர் பாதையில் பிழை விட்டார் என்று நேரத்தைக் கூட்டிக் கீழே இறக்கினார்கள். பிறகு முறையீடு வைத்து, திரும்பவும் மேலே ஏற்றினார்கள். நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். "இஞ்சை ஓடி வாரும், எங்கடை குகன் செய்த வேலையெல்லே இது" என்று உன் அக்காவைக் கூப்பிட்டேன். "தொடங்கியாச்சு" என்றபடி அவள் குசினிக்குப் போய்விட்டாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. என் வாழ்க்கையில் நான் சொன்ன கதைகளில் ஒன்று கலப்படமில்லாத உண்மை. அதை நம்புவதற்கு ஒரு சீவன் இல்லை. பார்த்த சாட்சி நான் ஒருவன்தான். செய்த நீயோ வாயே திறக்காமல் போய்விட்டாய். வீட்டில் பெண்சாதிக்காவது ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாமே, மச்சான்? எனக்கு இந்தக் கரைச்சல் வந்திருக்குமா?

வாசிக்கிற சனத்துக்கு விளங்கட்டும். பயத்லன் என்றால், பனியில் சறுக்குக் கட்டையோடு ஓடி வந்து, மூச்சு இரைக்க இரைக்க நின்று, துவக்கால் ஐந்து கறுப்பு வட்டங்களைச் சுட வேண்டும். ஒன்று தவறினால் பக்கத்திலுள்ள சின்ன வளையத்தில் ஒரு தண்டனைச் சுற்று ஓட வேண்டும். ஓடாமல் விட்டால் சுற்றுக்கு இரண்டு நிமிடம் கூட்டிவிடுவார்கள். இதில் உனக்கு என்ன பைத்தியம் என்று நான் முதன்முதலில் கேட்டபோது நீ சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "துவக்கு இருக்கு, முன்னாலை ஆளில்லை, அத்தான். அதுதான் பாக்கிறன்."

நாலு வருசத்துக்கு முன்னர் நாம் இரண்டு பேரும் கோச் பஸ் ஏறி ஒஸ்ரியாவுக்குப் போனோம். உலகச் சம்பியன்சிப் பார்க்கப் போனோம் என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வைத்தேன். அது நாற்பது வயது தாண்டியவர்களுக்கு நடக்கிற சர்வதேசப் போட்டி. சாந்தி, பார், எழுதிவிட்டேன்.

நாம் நின்றது அந்தத் தண்டனை வளையத்தின் வேலியோரம். கடை ஸ்ரோரில் சாமான் எண்ணுகிற வேலை செய்தவன் நீ, கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுவாய். கையில் ஓட்டக்காரரின் பெயர்த் தாள். யார் யார் எத்தனை சுற்று என்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே இருந்தாய். இருபத்தேழாம் இலக்கக்காரர், நரைத்த மீசை, இரண்டு சூடு தவறி இரண்டு சுற்று ஓடினார். மூன்றாவதாய் வந்து சேர்ந்தார். ஆனால் முடிவுப் பலகையில் அவருக்கு ஏழாம் இடம். ஒரு சுற்று குறைவு என்று இரண்டு நிமிடம் கூட்டியிருந்தார்கள். மனிதர் சத்தம் போடவில்லை. பலகையைப் பார்த்தபடி கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாய் நின்றார்.

போன செவ்வாய் பின்னேரம் இதைத்தான் சாந்திக்குத் திரும்பவும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டு முன்னால் இருந்தாள்.

"இதை நாலு விதமாக் கேட்டிட்டன் அண்ணை. இஞ்சை எட்மண்டன் கலியாண வீட்டிலை நீங்கள் நடுவருக்கு முன்னாலை மேசையிலை குத்தினனீங்கள். பேத்டே பார்ட்டியிலை ஜேர்மன் பாசையிலை பிச்சு உதறினனீங்கள். இவர் ஒருநாளும் எனக்கு இதைச் சொன்னதில்லை. நான் எதை நம்ப?"

"அவன் கோடு போட்ட தாளை அந்த நடுவர்மார் வச்சுக்கொண்டிட்டாங்கள், பிள்ளை. இல்லாட்டிக் காட்டியிருப்பன்."

"அதுவும் உங்களுக்கு வசதியாப் போச்சு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழும்பிப் போகலாம் என்று கூட நினைத்தேன். போனால் ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பற்றி என்ன சொல்வார்கள்? அமைதியானவர், வேலைக்கு ஒழுங்காய்ப் போனவர். அவ்வளவுதான். கால் மணித்தியாலத்தில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

"சரி, நான் மேசையிலை குத்தேல்லை" என்றேன்.

"அப்ப?"

"நான் உள்ளுக்கே போகேல்லை."

பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னேன். நீ நடுவர்களிடம் போகத் தாளோடு வெளிக்கிட்டபோது உன் கையைப் பிடித்து இழுத்தவன் நான். "விசரே உனக்கு? கோச் வெளிக்கிடப் போகுது. நாங்கள் ஆர் இதைக் கேக்க?" என்றவன் நான். பாஸ்போர்ட்டைக் கேட்பார்களோ, விசாரணை என்று இருத்தி வைப்பார்களோ என்று பயந்தவன் நான். நீ கையை எடுத்துவிட்டு, "அந்தாள் ரெண்டு சுத்தும் ஓடினது அத்தான், நான் பாத்தனான்" என்றாய். நடுவர்களின் மரக்கொட்டில் வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தாய். உள்ளே போகிறவன் வருகிறவன் எல்லாம் சேற்றுச் சப்பாத்தோடு திரிகிறான். நீ பனிக்குள் கழற்றி வைத்துவிட்டு, மேசோடு போட்ட காலோடு உள்ளே போனாய். நான் உன் சப்பாத்தை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வெளியில் நின்றேன். கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன். அவர்கள் உன் தாளையும் தங்கள் தாளையும் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு பெயராய் இறங்கி வந்தார்கள். அரை மணித்தியாலத்தில் பலகையில் புதுத்தாள் ஒட்டினார்கள். இருபத்தேழு, மூன்றாம் இடம்.

சாந்தி தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"சப்பாத்தைக் கழட்டினவரோ?"

"ஓம் பிள்ளை. பனிக்குள்ளை."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டொக்ரரிட்டைப் போனாலும் வாசல்லை கழட்டிப்போட்டுத்தானே போறவர். நான் எத்தினை தரம் ஏசியிருப்பன்." சொல்லிவிட்டு எழும்பிப் போய், குழாயைத் திறந்துவிட்டபடி எனக்கு முதுகு காட்டி வெகுநேரம் நின்றாள். பிறகு, "இதை எழுதுங்கோ அண்ணை" என்றாள்.

"மேசையையும் ஒரு ஓரத்திலை..."

"மேசை வேண்டாம்."

மச்சான், ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு இதில் சந்தோசம் பாதி, எரிச்சல் பாதி. இத்தனை வருசமாய் உன் கதையை நான் எவ்வளவு உயரத்துக்குக் கட்டி வைத்திருந்தேன். அதற்குள் என்னையும் ஒரு ஓரமாய் நிறுத்திக்கொண்டது பெரிய குற்றமா? நான் உள்ளே நின்றவரைக்கும் ஒருவரும் உன்னை நம்பவில்லை. வெளியே வந்து நின்ற பிறகுதான் நம்புகிறார்கள். அந்த நரைமீசைக்காரருக்காவது யார் தாளைக் கொடுத்தது என்று தெரியுமா? இல்லை, நீ கோச்சைப் பிடிக்க ஓடிவந்துவிட்டாயே.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு மைக்கைத் தருவார்கள். மேசைக் கதைக்குக் கைதட்டிய எட்மண்டன் ஆட்களும் முன்வரிசையில் இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால், நான் பயத்தில் வெளியில் நின்றேன், உள்ளே போய்ச் சொன்னது குகன் என்று சொல்வேன். வாய் எவ்வளவு துறுதுறுத்தாலும் அதற்கு மேல் ஒரு சொல் கூட்ட மாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உன் அக்காவின் மனுசன்,
உன் அத்தான் தம்பிராசா