பூட்டிய கேட்டும் முதல் பீரியட் கணக்கும்

உடையார்பாளையம்,
18.6.2005

அன்பு மகன் முத்துவேலுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எனக்கு எல்லாம் சௌகரியம். அங்கே நீயும் அனிதாவும் குழந்தைகளும் எந்தக் குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். மஸ்கட்டில் வெளியே கால் வைக்க முடியாத வெயில் என்றாய், மோர் உப்புப் போட்டுக் குடி, அந்தப் பாட்டில் பானங்களை விடு. இங்கே முந்திரி இந்த வருஷம் சுமார்தான், பூ பிடிக்கும் நேரத்தில் மூடுபனி. உன் தங்கை ஜெயசித்ரா பெரம்பலூரிலிருந்து வந்து இரண்டு நாள் இருந்தாள், பீரோவை ஒழுங்குபடுத்துகிறேன் என்று கலைத்துப் போட்டுவிட்டுப் போனாள், இன்னும் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் யாருக்கோ இங்கிலீஷில் பதில் சொல்கிறாய். அந்த மாதிரி ஒரு சரியால்தான் இப்போது வினை வந்திருக்கிறது. ஆகவே நிதானமாக எழுதுகிறேன், நீயும் ஆபீசில் வைத்துப் படிக்காமல் வீட்டுக்குப் போய்ப் படி.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது உனக்குத் தெரியும். நம் பள்ளிக்கூடம் அறுபத்தெட்டு சதவீதம். பேப்பரில் மாநிலம் முழுவதற்கும் பட்டியல் போட்டிருந்தார்கள், அதில் நம் மாவட்டத்தை மேலே தேட வேண்டியதில்லை, நம் பள்ளிக்கூடமோ அதற்கும் கீழே. உன் அப்பா ஆரம்பித்த பள்ளிக்கூடம், அவருக்குப் பிறகு தாளாளர் என்று என் பெயரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், கடைத்தெருவில் போகும்போது ஒருவர் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. தலைமை ஆசிரியர் குருநாதனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர், டவுன் பிள்ளைங்க எல்லாம் நல்லாத்தாங்கம்மா எழுதியிருக்காங்க, இந்த ஓடைக்காட்டுப் பிள்ளைங்கதான் மொத்தமா கவுத்துட்டாங்க, அந்தப் பக்கம் கணக்கு மண்டையில ஏறாதுங்க என்றார். அதோடு ஒரு யோசனையும் வைத்திருந்தார். இப்போது ஒன்பது முடித்துப் பத்துக்கு வந்திருக்கும் ஓடைக்காட்டுப் பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்துவிடுவது, வேண்டுமானால் அவர்கள் தனியாகப் பணம் கட்டிப் பரீட்சை எழுதிக்கொள்ளட்டும், நம் கணக்கில் வராது, அடுத்த வருஷம் தொண்ணூற்றைந்து நிச்சயம் என்றார். மற்ற பள்ளிக்கூடங்களில் சத்தமில்லாமல் நடப்பதுதானாம். அவர் போகும்போது, முத்துவேல் தம்பிகிட்ட போன்ல பேசிட்டேங்க, அவரு சரின்னுட்டாரு என்றார்.

தொண்ணூற்றைந்து என்று அவர் சொன்னபோது என் மனசும் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் ஒன்று உறுத்தியது. தோற்றவர்களில் கண்ணகி என்று ஒரு பெண், ஓடைக்காட்டில் முந்திரி உடைக்கிற செங்கமலத்தின் மகள், தமிழில் இந்த வருஷம் பள்ளிக்கூடத்திலேயே அதிக மார்க் அவள்தான், தொண்ணூற்றிரண்டு. கணக்கில் பத்தொன்பது. தோற்ற மற்றப் பிள்ளைகளுக்கும் போனது கணக்கு மட்டும்தான். மண்டையில் ஏறாது என்றால் எல்லாமும்தானே ஏறாமல் இருக்க வேண்டும், கணக்கை மட்டும் வாசலில் நிறுத்திவைக்கிற மண்டை உண்டா.

மறுதேர்வுக்கு அந்தப் பெண்ணைத் தயார் செய்யச் சொல்லலாம் என்று போன புதன்கிழமை காலையில் ஆட்டோ பிடித்து ஓடைக்காட்டுக்குப் போனேன். செங்கமலம் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள், முந்திரி ஓட்டின் பால் பட்டு விரலெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. பெண்ணையும் உடைப்புக்கு அனுப்பத்தான் இருக்கிறாளாம். நாலு வார்த்தை கடிந்து சொல்லி, கண்ணகி எழுதுவாள் என்று வாயால் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் ஆட்டோக்காரன் வேறு சவாரி ஏற்றிக்கொண்டு போய்விட்டான். சரி என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு டவுன் பஸ்ஸில் ஏறினேன். என் வயசுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள், ஒழுக்கத்தில் குறை சொல்ல முடியாது. பஸ் நம் ஸ்டாப்புக்கு வரும்போது ஒன்பதே முக்கால். கேட் பூட்டியிருந்தது.

உனக்குத் தெரியும், ஒன்பதரைக்குப் பிரேயர் பெல் அடித்தால் கேட்டைப் பூட்ட வேண்டும், முதல் பீரியட் முடிந்துதான் திறக்க வேண்டும் என்பது உன் அப்பாவின் சட்டம். நானும் கான்வென்டில் அப்படி வளர்ந்தவள்தான், நேரம் தவறுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வாட்ச்மேன் சாமிதுரை என்னைப் பார்த்ததும் சாவியோடு ஓடிவந்தார். நீங்க மட்டும் உள்ள வாங்கம்மா, பிள்ளைங்க நிக்கட்டும், ஐயா போட்ட ரூலு என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். ஒரு பிள்ளைகூடக் கேட்டுக்குப் பக்கத்தில் வரவில்லை. எல்லோரும் எதிரே புங்கமரத்தடியில் அவரவர் இடத்தில் உட்கார்ந்து, தூக்குச்சட்டியைத் திறந்து காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி துண்டை விரித்து, உட்காருங்கம்மா, ரெண்டாவது பெல்லு அடிக்க நேரமிருக்கு என்றாள். இன்னொருத்தி, அம்மாவே லேட்டு என்று தோழி காதில் சொல்லிச் சிரித்தாள், எனக்குக் கேட்காது என்ற நினைப்பு. நான் சாமிதுரையைப் போகச் சொல்லிவிட்டு அந்தத் துண்டில் உட்கார்ந்தேன். உள்ளே இப்போது என்ன பாடம் என்று கேட்டேன். கணக்குங்க என்றார்கள். நேற்று முதல் பீரியட் என்ன என்றேன். அதுவும் கணக்குங்க. ஏழாம் வகுப்பிலும் அப்படித்தான், எட்டிலும் ஒன்பதிலும் அப்படித்தான். காலையில் மூளை தெளிவாக இருக்கும் என்று எல்லா வகுப்புக்கும் கணக்கை முதல் பீரியடில் போட்டிருக்கிறோம், முத்து. மூன்று வருஷமாக ஒரு நாள்கூடக் கணக்குப் பாடத்தைக் காதால் கேட்காத பிள்ளைகளை உட்கார வைத்து மாநிலப் பரீட்சை எழுதச் சொல்லியிருக்கிறோம்.

ஏன் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். யாரும் கேக்கலீங்க என்றார்கள். பெற்றவர்களோ, பஸ் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இரண்டாவது பெல்லுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், இதைச் செங்கமலமே பிறகு என்னிடம் சொன்னாள். வருகைக் குறைவு வந்துவிடக் கூடாது என்று வகுப்பு ஆசிரியர்கள் இரக்கப்பட்டு இரண்டாவது பீரியடில் ஆஜர் போட்டிருக்கிறார்கள், அந்த இரக்கத்தில் விஷயம் வெளியே தெரியாமலே போய்விட்டது. உன் அப்பா சட்டம் போட்ட காலத்தில் ஓடைக்காட்டுப் பிள்ளைகள் நடந்து வந்தார்கள், மற்றவர்களுக்கு முன்னால் வந்து நிற்பார்கள். அந்த பஸ்ஸை மனு எழுதி வாங்கிக் கொடுத்ததும் அவரேதான். பஸ் வந்த பிறகு வயசுக்கு வந்த பெண்ணை முந்திரிக்காட்டு வழியே நடக்க யார் அனுப்புவார்கள், அனுப்பவும் கூடாது. பஸ் நேரத்தையும் பெல் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

குருநாதனிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது, ஆனால் மசியவில்லை. கேட்டைத் திறந்தா டவுன் பிள்ளைங்களும் லேட்டா வருவாங்கம்மா, விட்டுப்போன மூணு வருஷத்தை ஒரு வருஷத்துல பிடிக்க முடியாதுங்க, டி.சி.தான் மரியாதையான வழி என்கிறார். அவர் சொல்வதிலும் ஒரு பாதி நியாயம் இருக்கிறது, மூன்று வருஷப் பாடம் சின்ன விஷயமில்லை. ஜூலை ஒன்பதாம் தேதி கமிட்டி. ஐந்து பேரில் இரண்டு பேர் அவர் பக்கம், நானும் டாக்டர் ஆண்டவரும் ஒரு பக்கம். மிச்சம் நீ.

நீ போனில் என்ன அவசரத்தில் சரி என்றாயோ, நான் கேட்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில் கணக்கில் நீ இருபத்தெட்டு. உன்னைப் பத்துக்கு அனுப்பலாமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை, சாயங்காலம் வீட்டுக்கே வாத்தியார் வந்தார். நீ கெட்டிக்காரன் என்பதால் வரவில்லை, தாளாளர் பிள்ளை என்பதால் வந்தார். இன்று நீ அத்தனை பெரிய கட்டடங்களுக்குக் கணக்குப் போடுகிறாய், எனக்கு அதில் பெருமைதான், யாரிடமும் சொல்லாமல் இருப்பதில்லை. ஆனால் அந்த வாத்தியார் வராமல் டி.சி. வந்திருந்தால் என்ன ஆகியிருப்பாய் என்று நீயே உட்கார்ந்து யோசித்துப் பார்.

திங்கள்கிழமையிலிருந்து எல்லா வகுப்பிலும் கணக்கு மூன்றாவது பீரியட், பஸ் வந்த பிறகுதான் கேட் பூட்டப்படும். அதற்குக் கமிட்டி வேண்டியதில்லை, தாளாளர் போதும். டி.சி.யை நிறுத்தத்தான் நீ வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியாரைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட உட்காரச் சொல்லியிருக்கிறேன், முனகுகிறார், வருவார். பிள்ளைகள் திரும்பிப் போகக் கடைசி பஸ்ஸுக்கு நானே அவர்களோடு நிற்பேன். அடுத்த வருஷம் தொண்ணூற்றைந்து வராது, இதைத் தெரிந்துதான் செய்கிறேன், கடைத்தெருவில் இன்னொரு வருஷம் தலையைக் குனிந்துகொண்டு நடந்துவிட்டுப் போகிறேன்.

அனிதாவிடம் ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைக்கச் சொல். காரை வேகமாக ஓட்டாதே. குழந்தைகளுக்கு என் முத்தம், மாரியம்மன் துணையில் எல்லோரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள்.

மறக்காதே, உன் கடிதம் ஜூலை ஏழுக்குள் என் கைக்கு வர வேண்டும், போன் செல்லாது, கையெழுத்து வேண்டும். டி.சி.க்குச் சம்மதமில்லை என்று எழுதினால் கமிட்டியில் கொடுத்துவிடுவேன். சம்மதம் என்று எழுதினாலும் மறைக்க மாட்டேன். அன்றைக்கு ஓடைக்காட்டுப் பெற்றோர் எல்லோரையும் வரச் சொல்லியிருக்கிறேன். முன்வரிசையில் அவர்களை உட்கார வைத்து, உன் பெயரைச் சொல்லி, நானே எழுந்து நின்று வாசிப்பேன்.

உன் அம்மா,
சௌந்தரவல்லி